நாலாவது விளக்குக் கோபுரம்

பல்கலைக்கழக விளையாட்டரங்கின் வரலாற்றை அறுநூறு சொற்களுக்குள் எழுதித் தரும்படி கேட்டபோது, அது இரண்டு நாள் வேலை என்றுதான் துர்க்கா நினைத்தாள். ஆகஸ்டில் அரங்கை இடிக்கத் தொடங்கப் போகிறார்கள். மேற்குப் பக்கத்துப் படி இருக்கைகள் முழுவதும் போய், அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று எழும்பும். அதன் வாசலில் பழைய அரங்கைப் பற்றி ஒரு பெரிய பலகை வைப்பதாகவும், அதே எழுத்தை இணையத்தில் போடுவதாகவும் ஏற்பாடு.

விளையாட்டுத் துறை அலுவலகத்தில் அவள் பதினொரு வருடமாக இருக்கிறாள். போட்டி அறிவித்தல், வாழ்த்துக் கடிதம், வாகனத் தரிப்பிட அறிவிப்பு என்று எல்லா எழுத்தும் அவள் கையால்தான் போகும். விளையாட்டில் அவளுக்குப் பெரிய நாட்டம் இல்லை. அரங்கு பிடிக்கும். மணமுறிவுக்குப் பிறகு நகரின் புறத்தே அஜின்கோர்ட்டில் ஒற்றை அறை வீடொன்றில் தனியாக இருக்கிறவளுக்கு, ஐயாயிரம் வெற்று இருக்கைகளுக்கு நடுவே மேல்வரிசையில் இருந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடுவது ஒரு ஆறுதல். அங்கே தனியாக இருப்பதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

எழுதவேண்டிய செய்திகளில் பாதி அவளுக்கு மனப்பாடம். 1954இல் திறந்தது. முதலில் கரித்தூள் பரப்பிய ஓடுபாதை. பிறகு எட்டு நிரல் கொண்ட செந்நிற ரப்பர்ப் பாதை. மேற்குப் படிகளுக்குக் கீழே நாலு உடைமாற்றும் அறைகள், அவற்றில் ஒன்றில் எந்தக் காலமும் தண்ணீர் கசியும். நவம்பர் கடைசியில் காற்றடித்து எழுப்பி, ஏப்ரலில் இறக்கும் வெள்ளைக் கூடாரம். 1988இல் வந்த நாலு விளக்குக் கோபுரங்கள். அதற்குப் பிறகுதான் இரவுப் போட்டிகள்.

மிச்சத்துக்கு மாக்கஸைக் கேட்டாள். அரங்கின் பராமரிப்பைப் பார்க்கிறவர், இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறவர். இரண்டு மட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அவளுடைய மேசைக்கருகே இறக்கிவிட்டு, "குப்பையில் போடச் சொன்னார்கள். பார்த்துவிட்டு நீயே போடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இரண்டாவது பெட்டியில், விளக்குகள் என்று எழுதிய கோப்புக்குள் அந்தத் தாள் இருந்தது. தட்டச்சில் அடித்த விபத்துப் படிவம். 1988 ஒக்டோபர் 20, வியாழக்கிழமை, காலை பத்தே கால். நாலாவது கோபுரம். பெயின்ற் அடிக்கும் வேலை. ஒப்பந்தக்காரரின் ஆள். பெயர், எஸ். வினோதன். வயது இருபத்தைந்து. எண்பது அடியிலிருந்து விழுந்தது. அவ்விடத்திலேயே மரணம். அரங்குக்கு ஏற்பட்ட சேதம் என்ற கட்டத்தில், இல்லை. அதற்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: சனிக்கிழமைப் போட்டி திட்டமிட்டபடி நடைபெறும்.

துர்க்கா அதை மூன்று தரம் வாசித்தாள். பதினொரு வருடத்தில் இப்படியொரு மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட அவள் காதில் விழுந்ததில்லை. ஒரு தமிழ்ப் பெயரை அந்தப் பெட்டிக்குள் அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

தாளைக் கொண்டுபோய் மாக்கஸிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, திருப்பித் தருவதற்கு நேரம் எடுத்தார்.

"நான் வேலைக்கு வந்து மூன்றாவது மாதம். ஓடுபாதையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினேன். சனிக்கிழமை ஆட்டம் நடந்தது. பின்னேரம் விளக்கைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள்."

"ஆளைத் தெரியுமா?"

"இல்லை. குளிருக்கு என்னிடம் ஒருநாள் கையுறை கேட்டான். என்னிடம் இருந்ததும் ஒரு சோடிதான். கொடுக்கவில்லை."

அன்றைக்கே துர்க்கா தன் வரைவில் ஒரு வசனத்தைச் சேர்த்தாள். விளக்குக் கோபுரங்களின் வேலையில் உயிரிழந்த தொழிலாளி ஒருவரைப் பற்றிய ஒரேயொரு வசனம். பெயரைப் போடுமுன் குடும்பத்தில் யாரிடமாவது கேட்கவேண்டும் என்று நினைத்தாள். அந்தக் காலத்தில் ஊர்ப் போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்தவர்களுக்குப் பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்த்துக் கொடுத்த கிளடிஸ் அன்ரியை அவளுக்குத் தெரியும். எண்பது தாண்டியும் அவருடைய ஞாபகம் குலையவில்லை. அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வினோதனோ? பெயின்ற் வேலை செய்தவன்? கோண்டாவில் பெடியன்?"

"ஊர் தெரியாது அன்ரி. எண்பத்தெட்டிலை செத்துப்போனவர்."

"ஆர் உனக்கு உப்பிடிச் சொன்னது? அவன் பிக்கரிங்கிலை பெஞ்சாதி பிள்ளையளோடை இருக்கிறான். பெட்டையின்ரை கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டிட்டு வந்தனான் நான்."

வேறு வினோதனாக இருக்கும் என்று துர்க்கா சொன்னாள். அன்ரி விடவில்லை. அந்த வருடம் கோபுரத்திலிருந்து ஒருவன் விழுந்தது உண்மை, ஏதோ பெயர்ப் பிரச்சினையும் இருந்தது, வினோதனையே கேள் என்று இலக்கத்தைக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துர்க்கா ரெயினில் பிக்கரிங்குக்குப் போனாள். தொலைபேசியில் அவர் அதிகம் கேட்கவில்லை. அரங்கின் பெயரைச் சொன்னதும், "வாரும். ஞாயிறு ரெண்டு மணிக்கு வாரும். அந்த நேரம் மனுசி கோயிலுக்குப் போயிடும்" என்றார்.

அறுபத்தொரு வயது மனிதர். வெளியே பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. துர்க்காவை முன்னறையில் இருத்திவிட்டு அவர் எதிரில் இருந்தார். அவள் தாளை நீட்டினாள். தன் பெயருக்கு நேரே மரணம் என்று அடித்திருந்ததை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உதை இன்னும் வைச்சிருக்கினமோ?"

"அங்கிள், இது உங்கடை பேரோ?"

"ஓம். பேர் என்ரை. விழுந்தது சிவபாதம்."

பிறகு அவரே சொன்னார். அவசரப்படாமல், இடையில் அழாமல் சொன்னார். ஒரு வீட்டின் அடித்தளத்தில், பேஸ்மென்ற்றில், ஏழுபேர் இருந்தார்கள். வினோதனுக்கு வேலை செய்யும் அனுமதி வந்துவிட்டது, சிவபாதத்துக்கு வரவில்லை. ஊரில் தாயும் ஒரு தங்கச்சியும் அவனை நம்பி இருந்தார்கள். வினோதனுக்கு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தபோது, அதுவரை செய்த பெயின்ற் வேலையைத் தன் வேலை அனுமதி அட்டையோடு சேர்த்துச் சிவபாதத்துக்குக் கொடுத்தார்.

"மேஸ்திரிக்குத் தெரியும், ஆள் மாறினது. அவனுக்கென்ன? நாங்கள் எல்லாரும் அவனுக்கு ஒரே முகம். வினோதன் எண்டு கூப்பிட்டால் சிவபாதம் திரும்பிப் பாப்பான். வீட்டை வந்து உதைச் சொல்லிச் சிரிப்பான்."

"பிறகு?"

"அண்டைக்கு மத்தியானம் ரெண்டு பொலிஸ் வந்தது. வினோதன் எண்டவர் செத்துப்போனார், சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டவை. கதவைத் திறந்தது நான்."

பிரேதத்தை அடையாளம் காட்டியதும் அவர்தான். பொலிஸ் தன் பதிவில் பெயரைத் திருத்திக்கொண்டது. அன்று பின்னேரம் ஒப்பந்தக்காரன் பேஸ்மென்ற்றுக்கு வந்தான். அட்டையைக் கொடுத்ததாகச் சொன்னால் உன்னை நாட்டைவிட்டு அனுப்புவார்கள், களவு போனது என்று சொல்லிவிடு, செத்தவனுக்கு இனி என்ன வரப்போகிறது என்றான்.

"நான் சொன்னன் பிள்ளை. அவன் என்ரை அட்டையைக் களவெடுத்தவன் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்தன். அதுக்குப் பிறகு கொம்பனி என்ன சொன்னது தெரியுமோ? செத்தவன் எங்களிட்டை வேலை செய்யேல்லை, வேலை செய்தவன் சாகேல்லை. அவ்வளவுதான். தாய்க்கு ஒரு சதம் போகேல்லை."

துர்க்கா தாளைத் திரும்ப வாங்கினாள். "நீங்கள் அப்ப இருபத்தஞ்சு வயசுதானே அங்கிள்" என்றாள். சொன்னதும் அது எவ்வளவு மலிவான சொல் என்று அவளுக்கே பட்டது.

வினோதன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சுவரில் இருந்த கலியாணப் படத்தைக் காட்டினார். தலைகுனிந்து நிற்கும் மெலிந்த மணப்பெண். "உவதான் ரதி. சிவபாதத்தின்ரை தங்கச்சி."

தாய்க்குக் கடிதம் எழுதத் தொடங்கி, சீதனம் வேண்டாம் என்று சொல்லி, தொண்ணூற்றிரண்டில் ரதியை இங்கே கூப்பிட்டு மணம் முடித்திருக்கிறார். அண்ணன் வேலையிடத்தில் விழுந்து செத்தான் என்று மட்டும் ரதிக்குத் தெரியும். யாருடைய வேலை, யாருடைய அட்டை, யார் என்ன எழுதிக் கொடுத்தது, ஒன்றும் தெரியாது. "மாமி சாகுமட்டும் என்ரை படத்தை வைச்சுக் கும்பிட்டவ" என்றார் வினோதன்.

வெளிக்கதவில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது. கோயிலில் கூட்டம் அதிகம் என்று ரதி நேரத்தோடு வந்துவிட்டார். காலணியைக் கழற்றியபடியே, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டார்.

துர்க்கா தாளைக் கைப்பைக்குள் வைத்தாள். தான் பல்கலைக்கழகத்தில் வேலை செய்வதாகவும், பழைய ஆட்களின் கதைகளைச் சேர்ப்பதாகவும் சொன்னாள். அது பொய் இல்லை. ரதி சந்தோசப்பட்டு, திருநீற்றைக் கொடுத்து, தேத்தண்ணி போட்டு, பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார்.

"இவரிட்டைக் கேட்டால் ஒண்டும் சொல்லமாட்டார் பிள்ளை. என்ரை அண்ணையோடை ஒரே அறையிலை இருந்தவர். எத்தினை தரம் கேட்டிருப்பன். வாயே திறக்கமாட்டார்."

வினோதன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல்வரை துர்க்காவோடு வந்து, ரதிக்குக் கேட்காதபடி, "உதை விட்டிடும். என்ரை பேரும் வேண்டாம், அவன்ரை பேரும் வேண்டாம்" என்றார். துர்க்கா தலையாட்டினாள். அன்றிரவே வரைவிலிருந்து அந்த வசனத்தை எடுத்துவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, அறிவிக்காமல், வினோதன் அவளுடைய அலுவலகத்துக்கு வந்தார். ஒரு உறையை மேசையில் வைத்தார். உள்ளே ஆங்கிலத்தில் எழுதி, சட்டத்தரணி முன் கையெழுத்திட்ட கடிதம். 1988இல் தான் சொன்னது பொய், அட்டையைத் தானே கொடுத்தேன், நாலாவது கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தவர் சிவபாதம், களவு எதுவும் நடக்கவில்லை என்று இருந்தது.

"ரதியன்ரிக்கு?"

"சொல்லிப்போட்டன். நீர் வந்திட்டுப் போனதிலை இருந்து அவ அதையே கேட்டுக்கொண்டு இருந்தவ. அந்தப் பிள்ளை என்ன கேட்டது, அண்ணையைப் பற்றி என்ன சொன்னனீங்கள் எண்டு. என்னாலை ஏலாமல் போச்சு."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. சட்டி பானை எல்லாத்தையும் கழுவி வைச்சா. அடுத்தநாள் மில்லிக்கனிலை மகள் வீட்டை போயிட்டா." அவர் எழுந்து நின்றார். "அவன்ரை பேர் வருமெல்லோ பிள்ளை? அது வந்தால் அவ வந்து பாப்பா எண்டு நினைக்கிறன்."

"வரும் அங்கிள்" என்றாள் துர்க்கா.

யாரிடமும் கேட்காமல் சொன்ன சொல் அது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைத்தான் பிறகு எத்தனையோ நாள் அவள் நினைத்து நினைத்து வருந்தினாள்.

துறையின் தலைவர் கிறிஸ்ரினா கெட்டவர் அல்ல. படிவத்தையும் கடிதத்தையும் இருந்து வாசித்தார், கண்கலங்கக்கூடச் செய்தார். சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுச் சொல்கிறேன் என்றார். நாலு நாளில் கூப்பிட்டார்.

"எங்கள் தாளில் இறந்ததாக இருப்பவர் உயிரோடு இருக்கிறார், அவரே எழுதித் தந்திருக்கிறார். ஆகவே எங்கள் தாள் பிழை. பிழையான தாளை வைத்துச் சுவரில் எழுதமுடியாது என்கிறார்கள். சிவபாதம் என்ற ஒருவர் இந்த அரங்குக்குள் வந்ததற்கே எங்களிடம் ஆதாரம் இல்லை."

"இந்தக் கடிதம்?"

"முன்பு ஒரு தடவை பொய் எழுதிக் கொடுத்ததாக அதே கடிதத்தில் சொல்கிறார், துர்க்கா."

அந்தக் கொம்பனி முப்பது வருடத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. அரசாங்க மரண விசாரணைப் பதிவில் இருக்கும், எழுதிக் கேட்கலாம் என்றாள் துர்க்கா. எவ்வளவு காலம் ஆகும் என்று கிறிஸ்ரினா கேட்டார். நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கவேண்டும், ஆறேழு மாதம் ஆகலாம் என்றாள்.

"பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது" என்றார் கிறிஸ்ரினா. பிறகு, "இது ஒரு கொண்டாட்டப் பலகை. அதையும் யோசி" என்றார்.

வேலையை விட்டுவிடலாமா என்று துர்க்கா யோசித்தாள். ஒரு முழு இரவு யோசித்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, 1988இல் நாலு விளக்குக் கோபுரங்கள் எழுப்பப்பட்டதோடு அரங்கின் வாழ்வில் புதிய அத்தியாயம் தொடங்கியது என்ற வசனத்தோடு அறுநூறு சொற்களையும் அனுப்பிவைத்தாள். அந்த வசனத்தை எழுதியது அவளேதான்.

வினோதனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இப்பவும் அதுதான் சொல்லுகினம்" என்றார். பிறகு, "பறவாயில்லைப் பிள்ளை. நீர் என்ன செய்வீர்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒருநாள், கீழே உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். ரதி. இரண்டு பஸ், ஒரு ரெயின் மாறித் தனியாக வந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"எந்த இடமெண்டு காட்டுவியளோ?"

அரங்கைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். மேற்குப் படிகளை இயந்திரங்கள் தின்றுகொண்டிருந்தன, தூசி எழும்பாமலிருக்க ஒருவன் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றான். கோபுரங்களை முதல் வாரமே அறுத்து விழுத்திவிட்டார்கள். வடகிழக்கு மூலையில், ஓடுபாதையின் வளைவுக்கு அப்பால், நாலாவதின் அத்திவாரக் கொங்கிறீற் மட்டும் மிஞ்சியிருந்தது. துர்க்கா வேலிக்கு வெளியே நின்று அதைக் காட்டினாள்.

ரதி வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கொங்கிறீற்றை அல்ல, அதற்கு மேலே ஒன்றுமில்லாதிருந்த வெளியைத்தான் பார்த்தார்.

"அண்ணைக்கு உயரமெண்டால் பயம்" என்றார். "கிணத்துக் கட்டிலைகூட ஏறமாட்டான். அவனோ களவெடுத்தவன்? ஆரோ சொல்லியிருந்தால் நான் செருப்பாலை அடிச்சிருப்பன். சொன்ன ஆளுக்கு முப்பத்திரண்டு வருசம் சமைச்சுப் போட்டிருக்கிறன்."

துர்க்கா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். ரதி அதை வாங்காமலே தொடர்ந்தார்.

"அம்மா ஒவ்வொரு கடிதத்திலையும் கேட்டவ. பிள்ளை செத்த இடத்தாலை ஒரு துண்டுக் கடிதம்கூட வரேல்லையோ எண்டு. காசுக்கில்லை. ஒரு துண்டுக் கடிதம். நான் இவரிட்டைக் கேட்பன். உந்த நாட்டிலை அப்பிடித்தான் எண்டுவார்."

வாயிற்காவலர் ஒருவர் வந்து, இங்கே நிற்கக்கூடாது, கல் தெறிக்கும் என்றார். இருவரும் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். துர்க்கா மரண விசாரணைப் பதிவுக்கான விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னாள். பலகைக்கு இனி உதவாது, பேசாமல் விடுவதென்றாலும் விடலாம் என்றாள். ரதி பேனாவை வாங்கி, சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்திட்டார். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற கட்டத்தில் மட்டும் கை நின்று, பிறகு எழுதியது.

பதில் அடுத்த ஏப்ரலில்தான் வந்தது. அதற்குள் கண்ணாடிக் கட்டிடத்தின் முன்பகுதி எழும்பி, பலகையும் வாசலில் வந்துவிட்டது. முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களை துர்க்கா தினமும் கடந்துபோகிறாள். மாக்கஸ் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வினோதன் பிக்கரிங் வீட்டில் தனியாக இருக்கிறார் என்று கிளடிஸ் அன்ரி சொன்னார். மகள் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பாள். ரதி போகவில்லை.

வந்தது ஒரேயொரு பக்கம். துர்க்கா அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மில்லிக்கனுக்குப் போனாள். மகளும் மருமகனும் வெளியே போயிருந்தார்கள். குசினி மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பெயர், சிவபாதம். வயது இருபத்தாறு. இடம், பல்கலைக்கழக விளையாட்டரங்கு. உயரத்திலிருந்து விழுந்ததால் மரணம். இடது புருவத்துக்கு மேல் பழைய தழும்பு ஒன்று.

ரதி அந்தக் கடைசி வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். துர்க்கா சொன்னாள்.

"ஓம்" என்றார் ரதி. "உது அண்ணைதான்."

தாளை அவர் மடிக்கவில்லை. மேசையில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, நேராக வைத்தார். வெளியே மழை பிடிக்கத் தொடங்கியது.

"அங்கிளுக்கும் ஒரு பிரதி அனுப்பட்டோ அன்ரி?" என்று துர்க்கா கேட்டாள்.

"அவருக்கென்னத்துக்கு?" என்றார் ரதி. "அவருக்குத் தெரியும்தானே."